சுழி பார்க்கிறோம், நாடி பார்க்கிறோமா?

"டாக்டருங்களா? வெடியால இருந்து குதிரை தீனியத் தொடலீங்க. படுக்குது, எந்திரிக்குது, வவுத்தத் திரும்பித் திரும்பிப் பாக்குது. என்ன ஊசிங்க போடறது?"

பொள்ளாச்சிக்கு மேற்கே மீனாட்சிபுரம், கோவிந்தாபுரம், கொழிஞ்சாம்பாறை பக்கம் குதிரை வைத்திருப்பவர்கள் கால்நடை மருத்துவரை அழைத்தால் பேச்சு பெரும்பாலும் இவ்வளவுதான். கண்ணால் கண்டதை அப்படியே சொல்லிவிடுகிறார்கள், அதில் குறையில்லை. உறுத்துவது அந்தக் கடைசிக் கேள்வி. மருந்தின் பெயரைத் தெரிந்துகொள்ளத்தான் போன் போடுகிறார்களே தவிர, குதிரைக்குள் என்ன நடக்கிறது என்று தெரிந்துகொள்ள யாரும் போடுவதில்லை. இத்தனைக்கும் இவர்கள் குதிரையை அறியாதவர்கள் இல்லை. ரேக்ளாவுக்கு ஓட்டுகிறார்கள், தத்தமங்கலத்து அங்காடி வேல திருவிழாவுக்குக் கொண்டு போகிறார்கள், கல்யாண ஊர்வலத்துக்கு அனுப்புகிறார்கள். ஆடி மாதம் அந்தியூர் குருநாதசாமி கோயில் சந்தையில் ஒரு குதிரையை விலை பேசுவதற்கு முன் நெற்றிச் சுழி, கழுத்துச் சுழி, விலாச் சுழி என்று ஒரு மணி நேரம் சுற்றிச் சுற்றி வந்து பார்க்கிறார்கள். அவ்வளவு பொறுமையுள்ள கண்ணுக்குத் தன் குதிரையின் இதயம் நிமிடத்துக்கு எத்தனை முறை துடிக்கிறது என்பது தெரியாமல் இருக்கிறது. எனக்கு ஆறாமல் இருப்பது இதுதான்.

மருத்துவரின் நிலையையும் பார்க்க வேண்டும். தமிழ்நாடு-கேரள எல்லைக்கு இந்தப் பக்கமும் சரி, அந்தப் பக்கமும் சரி, ஊர் மருந்தகத்தில் இருப்பவர் நாள் முழுக்க மாட்டையும் ஆட்டையும் பார்க்கிறவர். குதிரை அவரிடம் வருவது எப்போதாவது ஒருமுறை. அவருக்குப் படிப்பு உண்டு, கைப்பழக்கம்தான் குறைவு. அந்தக் குறையைத் தொலைபேசியில் ஈடு செய்யக்கூடியவர் குதிரைக்காரர் ஒருவரே. இன்னொன்று, பாலக்காட்டுச் சித்தூர் தாலுகாவில் மருத்துவர் மலையாளம் பேசுவார், குதிரைக்காரர் தமிழ் பேசுவார். நாம் வலி என்பதை அங்கே வேதனை என்பார்கள். அங்கே வலி என்றால் இழுப்பது. நாடி 48 என்றால் மட்டும் இரண்டு மொழியிலும் 48தான்.

விரலும் காதும் போதும்

நாடியைத் தாடையில் பார்க்க வேண்டும். கீழ்த்தாடை எலும்பின் அடிவிளிம்பில் விரலை வைத்து முன்னும் பின்னும் தடவினால், கன்னத்தின் தட்டையான பெரிய சதை தொடங்குவதற்குச் சற்று முன்னால், தோலுக்கு அடியில் கயிறு போல ஒன்று உருளும். ஆட்காட்டி விரலையும் நடுவிரலையும் அதன்மேல் வைத்து எலும்போடு மெதுவாக அழுத்தினால் துடிப்பு தட்டுப்படும். கட்டைவிரல் கூடாது, அதில் நம்முடைய துடிப்பே தெரியும். 30 வினாடி எண்ணி இரண்டால் பெருக்க வேண்டும். தாடையில் பிடிபடாவிட்டால் இடது முழங்கைக்குப் பின்னால், விலாவோடு ஒட்டி ஸ்டெதஸ்கோப் வைத்துக் கேட்கலாம். அங்கே "லப்-டப்" என்ற இரண்டு ஓசையும் சேர்ந்துதான் ஒரு துடிப்பு. தனித்தனியாக எண்ணினால் 40 என்பது 80 ஆகிவிடும், மருத்துவர் இல்லாத ஆபத்தை நினைத்துக்கொள்வார். வளர்ந்த குதிரை அமைதியாக நிற்கும்போது 28 முதல் 44 வரை இருக்கலாம். குட்டிக்கு இந்தக் கணக்கு பொருந்தாது, அதற்கு வேகம் அதிகம்.

மூச்சை விலாவின் ஏற்ற இறக்கத்தில் எண்ணலாம், நிமிடத்துக்கு 8 முதல் 16. காய்ச்சல் பார்க்க மனிதர்களுக்கான டிஜிட்டல் தெர்மாமீட்டரே போதும். முனையில் தேங்காய் எண்ணெய் தடவி, மறுமுனையில் நூல் கட்டி, நூலின் இன்னொரு நுனியைத் துணி கிளிப்பால் வால்முடியில் மாட்டிவிட வேண்டும். உள்ளே போய்விட்டாலும் இழுக்கலாம், கீழே விழுந்தாலும் உடையாது. நேர் பின்னால் நிற்காமல் இடது தொடையை ஒட்டி நின்று வைக்க வேண்டும். 99 முதல் 101 ஃபாரன்ஹீட் வரை இயல்பு. ஓட்டம் முடிந்த கையோடு பார்த்தால் கூடத்தான் காட்டும், அதைக் காய்ச்சல் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது.

அடுத்து ஈறு. மேலுதட்டைத் தூக்கிப் பார்த்தால் வெளிர்சிவப்பாக, ஈரமாக இருக்க வேண்டும். கட்டைவிரலால் அழுத்தி எடுத்தால் வெளுத்த இடம் 2 வினாடிக்குள் நிறம் திரும்ப வேண்டும். 3, 4 வினாடி ஆனாலோ, செங்கல் நிறமாகவோ பல்லோரத்தில் ஊதாக் கோடாகவோ தெரிந்தாலோ, ரத்த ஓட்டம் தளர்ந்திருக்கிறது என்று பொருள். அதன்பின் வயிறு. இரண்டு பக்கமும் மேலே ஒரு முறை, கீழே ஒரு முறை, ஆக நான்கு இடத்தில் காதை வைத்து ஒவ்வொன்றிலும் ஒரு நிமிடம் கேட்க வேண்டும். வலது விலாக்குழியின் மேல்பக்கம் நிமிடத்துக்கு ஒன்றிரண்டு முறை, குழாய்க்குள் தண்ணீர் சரிந்து இறங்குவது போல நீளமான ஒரு ஓசை வரும். நல்ல நாளில் அந்த ஓசையைக் கேட்டுப் பழகியிருந்தால்தான் கெட்ட நாளில் அது இல்லாமல் போனதைக் கண்டுபிடிக்க முடியும். லத்தியையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். நன்றாகத் தின்னும் குதிரை நாளைக்கு 8 முதல் 12 தடவை போடும். கடைசியாக எப்போது போட்டது, உருண்டையா, சளி பூசினாற்போலா, உலர்ந்ததா என்பதெல்லாம் மருத்துவருக்கு வேண்டும்.

எடையைக் குத்துமதிப்பாகச் சொல்வது இன்னொரு தொல்லை. "ஒரு நானூறு இருக்குமுங்க" என்பார்கள். தையல் டேப் ஒன்று இருந்தால் போதும். முன்னங்காலுக்குப் பின்னால் மார்பைச் சுற்றி அளந்த சென்டிமீட்டரை அதே எண்ணால் பெருக்கி, தோள்முனையிலிருந்து பின்தொடை முனைவரை உள்ள நீளத்தால் பெருக்கி, 11,880ஆல் வகுத்தால் கிலோ வரும். மார்புச் சுற்று 160, நீளம் 140 என்றால் 302 கிலோ. நானூறு என்று சொல்லி அதன்படி மருந்து போட்டிருந்தால் மூன்றில் ஒரு பங்கு கூடுதலாகப் போயிருக்கும்.

இப்போது அதே அழைப்பு எப்படி மாறுகிறது பாருங்கள். "300 கிலோ. 6 மணியிலிருந்து வலி. நாடி 44, ஈறு நல்லா இருக்குதுங்க, நாலு இடத்திலயும் சத்தம் இருக்குது, ராத்திரி லத்தி போட்டிருக்குது." தீனியை எடுத்துவிட்டு, தண்ணீரை வைத்து, பத்து நிமிடம் நடத்தி, அரை மணிக்கொரு முறை எண்ணிச் சொல்லுங்கள் என்று இதைக் கேட்ட மருத்துவரால் தைரியமாகச் சொல்ல முடியும். "நாடி 68, ஈறு செங்கல் நிறம், வயிற்றில் சத்தமே இல்லை" என்றால் மருந்தைப் பற்றிய பேச்சே வேண்டாம், வண்டியைப் பிடிக்க வேண்டும். இரண்டு குதிரையும் வெளியே பார்க்க ஒரே மாதிரிதான் புரண்டிருக்கும்.

ஊசி போட்டபின் வரும் அமைதி

மாட்டு வயிறு வேறு, குதிரை வயிறு வேறு என்பதை இங்கே கொஞ்சம் நின்று பேச வேண்டும், தவறுகளில் பாதி அங்கிருந்துதான் வருகின்றன. குதிரையின் இரைப்பை உடம்புக்குச் சிறியது, பெரிய குதிரைக்கே 8 முதல் 15 லிட்டர்தான். அதன் வாய்த்தசை ஒருவழிக் கதவு போல இறுகியிருப்பதால் குதிரையால் வாந்தி எடுக்க முடியாது. உள்ளே நீரும் வாயுவும் சேர்ந்தால் வெளியேற வழியின்றி இரைப்பை கிழிந்தே போகலாம். பெருங்குடலோ எங்கும் கட்டிவைக்கப்படாமல் மடிந்து கிடக்கிறது. இடது பக்கம் இடுப்பெலும்புக்கு அருகே அது சட்டென்று குறுகித் திரும்பும் வளைவில் வைக்கோலும் காய்ந்த தட்டும் அடைத்துக்கொள்ளும். வாயு நிரம்பினால் குடலே முறுக்கிக்கொள்ளவும் கூடும். தலையை விட்டத்தில் தூக்கிக் கட்டி, மூங்கில் குழாயிலோ பாட்டிலிலோ எண்ணெய் ஊற்றுவது மாட்டு வைத்தியத்தில் இருந்து வந்த பழக்கம். குதிரைக்கு அதைச் செய்தால் எண்ணெய் நுரையீரலுக்குள் இறங்கும். எண்ணெய் தொண்டையை உறுத்தாது என்பதால் இருமலும் வராது. வயிற்று வலி தீர்ந்து, சில நாளில் நிமோனியாவில் குதிரை போகும். மருத்துவர் மூக்கு வழியாக இரைப்பைக்குக் குழாய் செலுத்துவது மருந்து கொடுக்க மட்டும் இல்லை, முதலில் உள்ளே தேங்கியதை வெளியே எடுக்க. 2 லிட்டருக்கு மேல் நீர் திரும்பி வந்தால் அந்தக் குதிரைக்கு எண்ணெயே கொடுக்க மாட்டார். வீட்டில் ஊற்றிய எண்ணெய் இந்தக் கணக்கு எதையும் கேட்டுக்கொண்டு போவதில்லை.

இனி ஊசி. மாட்டுக்கு வாங்கி மீதமிருந்த மெலாக்சிகம் என்ற வலி மருந்து அலமாரியில் இருக்கும். அதுவும் இல்லாவிட்டால் மருந்துக்கடையில் மனிதர்களுக்கான டைக்ளோஃபெனாக் கிடைக்கும். அது போட்ட மாடுகளின் பிணத்தைத் தின்ற பிணந்தின்னிக் கழுகுகள் செத்ததால் 2006லேயே கால்நடைகளுக்குத் தடை செய்யப்பட்ட மருந்து அது. ஊசி போட்ட அரை மணியில், ஒரு மணியில் குதிரை புரள்வதை நிறுத்துகிறது. எழுந்து நிற்கிறது. தண்ணீரில் வாயை வைக்கிறது. வீட்டில் எல்லாருக்கும் மூச்சு வருகிறது. "தெளிஞ்சிருச்சுங்க, நீங்க வர வேண்டாம்" என்று மருத்துவருக்குச் சொல்லிவிடுகிறார்கள்.

இந்த இடத்தில்தான் குதிரையை அருகில் போய்ப் பார்க்க வேண்டும். அடைப்போ வாயுவோ இருந்து, அது உண்மையிலேயே விலகியிருந்தால் நாடி 40க்கு வந்திருக்கும், வலப்பக்க ஓசை திரும்பியிருக்கும், லத்தியோ காற்றோ போயிருக்கும். குடல் முறுக்கியிருந்தால் வலி மட்டும்தான் மூடப்பட்டிருக்கும். குதிரை தலையைத் தொங்கவிட்டு ஒரே இடத்தில் நிற்கும். விலாவில் வேர்வை காய்ந்து உப்புப் பூத்திருக்கும், காதும் கால்களும் சில்லிட்டிருக்கும். நாடி 52, அடுத்த அரை மணியில் 60, அதற்கடுத்து 72 என்று ஏறிக்கொண்டே இருக்கும். குதிரை வலியை மறைத்துக்கொண்டு நிற்கலாம், நாடியை அதனால் மறைக்க முடியாது. இதைவிடக் கொடியது இன்னொரு அமைதி. இரைப்பையோ குடலோ கிழிந்த கணத்தில் உள்ளிருந்த அழுத்தம் இறங்கி, அதுவரை புரண்ட குதிரை திடீரென்று அடங்கி நிற்கும். உடம்பெல்லாம் குளிர்ந்த வேர்வை ஊறும், ஈறு கருத்துவிடும். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு அதுவும் "தெளிஞ்சிருச்சு" போலவே இருக்கும். அதற்குமேல் எந்த மருத்துவமனைக்குப் போயும் பயனில்லை.

அப்படியானால் போனில் மருத்துவர் மருந்தின் பெயரையே சொல்லக் கூடாதா? இந்தக் கேள்வியில் எனக்கு நெடுநாள் இரண்டு மனம் இருந்தது. பாலக்காட்டுக் கணவாய்க்கு இந்தப் பக்கம் இரவு 11 மணிக்குக் குதிரை துடித்தால், அருகில் எவரும் இல்லாதபோது வலியைக் குறைக்காமல் காத்திருக்கச் சொல்வது இரக்கமில்லாத செயல். ஆனால் எண்ணிக்கை எதுவும் கேட்காமல் மருந்துப் பெயர் சொல்வது அதைவிடத் தவறு என்ற முடிவுக்குத்தான் வர முடிகிறது. நாடியைக் கேட்டுக் குறித்துக்கொண்டு, எடை கணக்கிட்டு, பயிற்சியுள்ள கை ஒன்று ஒரே ஒரு வேளை மருந்து போடலாம். இரண்டாவது வேளை, நேரில் பார்க்காமல் கூடாது. குதிரைக்கு வழக்கமான வலி மருந்தான ஃப்ளூனிக்சின் எடையில் கிலோவுக்கு 1.1 மில்லிகிராம், நரம்பில்தான் போட வேண்டும். சதையில் போட்டால் அந்த இடம் அழுகிக் குதிரையையே கொல்லும் கிருமித்தொற்று வரக்கூடும். கழுத்து நரம்பில் பழகாத கை குத்தினால் அதற்குப் பக்கத்திலேயே ஓடும் தமனிக்குள் மருந்து போய், குதிரை அங்கேயே வலிப்பு வந்து விழும். ஆகவே மருந்து சரி என்றாலும் கை சரியாக இருக்க வேண்டும். மருந்து போட்டு ஒன்றிரண்டு மணியில் வலி திரும்பினால், அது மருந்து போதாததாலோ, அடக்க முடியாத காரணம் உள்ளே இருப்பதாலோ என்று யோசித்துக்கொண்டிருக்கக் கூடாது. இரண்டாவதுதான் என்று எடுத்துக்கொண்டு கிளம்ப வேண்டும்.

எது போட்டிருந்தாலும் மறைக்காமல் சொல்ல வேண்டும். வயிற்றுப் பிடிப்புக்கான ஹையோசின் போட்டிருந்தால் நாடி அரை மணி நேரம் செயற்கையாக ஏறியிருக்கும். மயக்க ஊசியான சைலசின் போட்டிருந்தால் நாடியும் வயிற்று ஓசையும் இறங்கியிருக்கும். மறைத்தால் அடுத்து வரும் மருத்துவர் பொய்யான எண்ணைப் பார்த்து முடிவெடுப்பார். திட்டுவாரோ என்று பயந்து மறைப்பவர்கள் அதிகம். திட்டினால் திட்டட்டும்.

தீனியில் தொடங்கும் அழைப்புகள்

சில நோய்க்கான அழைப்பு ஆறு மாதம் முன்பே தீனித் தொட்டியில் தொடங்கிவிடுகிறது. தோட்டத்தில் கோ-4 நேப்பியர் என்ற தீவனப்புல் மாட்டுக்கு இருக்கிறது, அதையே குதிரைக்கும் வெட்டிப் போட்டு, மேலே கோதுமைத் தவிடு வைக்கிறார்கள். நேப்பியரில் உள்ள ஆக்சலேட் சுண்ணாம்புச் சத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். தவிட்டிலோ பாஸ்பரஸ் மிகுதி, சுண்ணாம்பு மிகக் குறைவு. இரண்டும் சேர்ந்தால் குதிரை தன் எலும்பிலிருந்தே சுண்ணாம்பைக் கரைத்து எடுக்கும். முதலில் இன்று ஒரு கால், நாளை ஒரு கால் என்று நொண்டும். லாடத்தைக் குறை சொல்லி லாடக்காரரை இரண்டு முறை மாற்றுவார்கள். கடைசியில் கன்னத்து எலும்பு இரண்டு பக்கமும் புடைத்துத் தலை பெரிதாகும். அதுவரை காத்திருக்காமல், நொண்டலோடு போன் போடும்போதே தீனியைச் சொல்லிவிட்டால் மருத்துவருக்குப் பொறி தட்டும். தவிட்டை நிறுத்தி, குதிரைமசால் சேர்ப்பதுதான் முதல் வேலை. பெயரிலேயே குதிரையை வைத்திருக்கும் அந்தச் சுண்ணாம்புச் சத்துள்ள தீவனத்தைக் குதிரைக்காரர்கள் மறந்து, மாட்டுக்காரர்களும் முயல் வளர்ப்பவர்களும் பயிரிடுகிறார்கள்.

கோழித் தீவனம் இன்னும் அவசரமானது. பொள்ளாச்சி, பல்லடம், உடுமலை வட்டாரமெங்கும் பிராய்லர் பண்ணைகள். மிச்ச மூட்டை கிடைத்தால் கொள்ளுக்குப் பதில் வைத்துவிடுகிறார்கள். கோழியின் ரத்தக்கழிச்சலைத் தடுக்க அதில் கலக்கும் மோனென்சின் கிலோ எடைக்கு 2, 3 மில்லிகிராம் போனாலே குதிரைக்கு உயிராபத்து. கிலோவுக்கு 100 மில்லிகிராம் கலந்த தீவனம் என்றால் 300 கிலோ குதிரைக்கு 6 முதல் 9 கிலோவில் அந்த அளவு வந்துவிடுகிறது. கலவை சரியாகக் கலக்காமல் கட்டியாக நின்ற பகுதி கிடைத்தால் அதற்கும் குறைவே போதும். பிழைத்தாலும் இதயத் தசை கெட்டு, பின்னொரு நாள் ஓட்டத்தில் விழும். மாற்று மருந்து கிடையாது. வேர்வை, தள்ளாட்டம், தீனி வெறுப்பு என்று பார்த்து வயிற்று வலி என்றே சொல்வார்கள். மூட்டையின் லேபிளைக் கிழித்துக் கையில் வைத்துக்கொண்டு பேசுவது அப்போது நாடியை எண்ணுவதற்குச் சமம்.

காய்ச்சல் வந்து வந்து போனால், அடிவயிற்றிலும் கால்களிலும் நீர் கோத்தால், நன்றாகத் தின்றும் முதுகெலும்பு தெரிந்தால், சர்ரா என்ற நோய் என்று நினைக்க வேண்டும். 1880ல் கிரிஃபித் எவன்ஸ் என்ற மருத்துவர் தேரா இஸ்மாயில்கானில் குதிரை, ஒட்டகங்களின் ரத்தத்தில் கண்டுபிடித்த கிருமியால் வருவது அது, கடிக்கும் பெரிய ஈக்கள் பரப்புவது. காய்ச்சல் இறங்கிய நாளில் ரத்தம் எடுத்தால் கண்ணாடித் தகட்டில் ஒன்றும் தெரியாமல் போகலாம். தெர்மாமீட்டர் 103, 104 காட்டும் அன்றே எடுக்க வேண்டும். தினமும் இரு வேளை காய்ச்சல் எழுதி வைத்த தாள் இருந்தால் எந்த நாளில் எடுப்பது என்பது தானே தெரியும். மூக்கில் கெட்டியான சளியும் தோலில் வரிசையாகக் கட்டிகளும் வந்தால் மட்டும் போட்டோ எடுத்து அனுப்பிவிட்டுத் தொடாமல் விலக வேண்டும். கிளாண்டர்ஸ் மனிதருக்கும் தொற்றும், சட்டப்படி அரசுக்குத் தெரிவிக்க வேண்டிய நோய். அதன் ரத்தப் பரிசோதனை ஹிசாரில் உள்ள தேசியக் குதிரை ஆராய்ச்சி மையம் வரை போகும். சந்தையில் வாங்கி வந்த குதிரையை மூன்று வாரமாவது தனிக் கொட்டிலில், தனி வாளியில் வைப்பது இதற்காகத்தான்.

வண்டி ஏற்றும்போது

1962 என்ற எண் இரு மாநிலத்திலும் கால்நடைக்கான அழைப்பு எண். எல்லையோரத்தில் இருந்து கூப்பிடுபவர்கள் மாநிலம், தாலுகா, பஞ்சாயத்து மூன்றையும் முதல் வாக்கியத்திலேயே சொல்லிவிடுவது நல்லது. கோவிந்தாபுரம் என்று மட்டும் சொன்னால் யாருக்கும் விளங்காது. பெரிய இடம் என்றால் கிழக்கே உடுமலையில் கால்நடை மருத்துவக் கல்லூரி, இன்னும் தள்ளி நாமக்கல், மேற்கே திருச்சூர் பக்கத்து மண்ணுத்தி. எங்கே போவதானாலும் குதிரையைப் படுக்க வைக்கும் வசதியும் அறுவை செய்யும் ஆளும் அன்று இருக்கிறார்களா என்று ஏற்றுவதற்கு முன்பே கேட்டுவிட வேண்டும். உள்ளூர் மருத்துவரிடம் மூக்குக் குழாயைப் போட்டுக் கட்டி அனுப்பச் சொன்னால், வழியில் இரைப்பை நிரம்பிக் கிழியும் ஆபத்து குறையும். வண்டித் தளத்தில் ஆற்று மணலோ வைக்கோலோ பரப்ப வேண்டும், தார்ப்பாய் மட்டும் விரித்தால் வழுக்கும். கழுத்துக் கயிற்றைப் படுத்தால் இறுகாத நீளத்துக்கு விட வேண்டும்.

மண்ணுத்திக்குக் கொல்லங்கோடு, நெம்மாறா வழியாக வடக்கஞ்சேரியில் ஆறுவழிச் சாலை ஏறலாம். குதிரான் மலையில் முன்பு மணிக்கணக்கில் நின்ற இடத்தைச் சுரங்கம் வந்தபின் சில நிமிடத்தில் கடந்துவிடுகிறார்கள். அதற்கு முன்னால் பன்னியங்கரை டோல்கேட்டில் வண்டி நிற்கும். அந்த நேரத்தில் பின்னால் இருப்பவர் தாடையில் இரண்டு விரலை வைத்து 30 வினாடி எண்ணி, நேரத்தோடு அட்டையில் எழுதிவிடட்டும்.